தானாக விழுந்த கொம்பு

ஈரக் கல்லில் கொம்பை உரசும்போது எழும் வாடை, முதல் மழை பட்ட சுண்ணாம்புச் சுவரும் கருகிய மயிரும் சேர்ந்த மாதிரி இருக்கும். "பொன்னுக்கு வீங்கி" வந்து என் கன்னங்கள் பணியாரம் போல உப்பியிருந்த ஒரு வேனிற்காலத்தில், சித்தப்பாவின் மனைவியான வேலம்மா சித்தி அந்த வெள்ளைக் குழம்பைக் குளிரக் குளிரப் பூசிவிட, தீப்பெட்டி ஒட்டும் வேலையிலிருந்து தப்பித்த சந்தோஷத்தில் நான் சுவரோரம் சாய்ந்து கிடப்பேன். வீக்கம் கொம்பால் இறங்கியதா, நாளானதால் இறங்கியதா என்று எனக்குத் தெரியாது. திருத்தங்கலில் எங்கள் தெருவில் அன்று யாரும் அதைக் கேட்கவும் இல்லை. கிண்ணத்தோடு வந்தார்கள், வாங்கிப் போனார்கள்.

அது மிளாவின், மலைக்காட்டில் திரியும் பெரிய மானின் கொம்பு. சித்தி மேற்கே மலையடிவாரத்தில் பிறந்தவள். அவளுடைய அய்யா விறகுக்குப் போன இடத்தில் கிடந்த கொம்பை எடுத்துவந்து, மகள் வாழ்க்கைப்பட்டு வரும்போது சீர்ப்பாத்திரங்களோடு மஞ்சள் துணியில் சுற்றிக் கொடுத்துவிட்டிருந்தார். முழங்கை நீளத்தில், நடுவே கிளைவிட்டு, வேலமரத்துக் கொப்பு போலச் சொரசொரப்பாக இருக்கும்.

எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் கரிசல் மண்ணும் வண்டிமாடும்தான். மாட்டுக்குக் கொம்பு ஒரே தடவைதான் முளைக்கும், சாகிறவரைக்கும் கூடவே இருக்கும். எங்கள் மயிலைக்காளை வண்டியோடு குடை சாய்ந்தபோது ஒரு கொம்பின் மேலோடு கழன்று, உள்ளே இருந்த பச்சை எலும்பிலிருந்து ரத்தம் பீறிட்டதை வீடே பார்த்திருக்கிறது. அப்பாவின் அக்காவான பெரிய அத்தைதான் தன் சேலையைக் கிழித்து, மஞ்சளும் வேப்பெண்ணெயும் வைத்துக் கட்டினாள். அந்தக் கையால் கட்டுப்போட்டவளிடம் போய்க் கொம்பு தானாக விழும் என்றால் நம்புவாளா? எல்லாக் கொம்பும் மாட்டுக் கொம்பு மாதிரிதான் என்று நினைத்தது, மாட்டை அறிந்தவர்கள் செய்த தப்பு. மாடு அறியாதவர்களுக்கு அந்தத் தப்பைச் செய்யவே வந்திருக்காது.

"எந்த ஊர்லடி கொம்பு தானா விழுது? உங்கய்யன் ஒரு உசுரை அடிச்சுட்டு, அந்தப் பாவத்தைச் சீராக் குடுத்து விட்டிருக்கான்" என்பாள் அத்தை. சித்தியின் வாய் சும்மா இருக்காது. ஒருநாள் வார்த்தை முற்றி, "முன்னால வந்த காதைப் பின்னால வந்த கொம்பு மறைச்சிருச்சாம்" என்று அத்தை ஊருக்குக் கேட்கச் சொன்னபோது, சித்தி முறத்தைப் புடைத்துக்கொண்டே, "அது மாட்டுக் கொம்பு, மதினி. மிளாக் கொம்பா இருந்தா உதிர்ந்துரும், காதுக்கு ஒரு கவலையும் இல்ல" என்றாள். தண்ணீர் எடுக்க வந்த பெண்கள் குடத்தை இறக்கிவைத்துவிட்டுச் சிரித்தார்கள். அத்தையும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டதை நான் பார்த்தேன்.

சிரிப்பெல்லாம் சித்தப்பாவின் கை வெந்த நாளோடு நின்றது. எம். புதுப்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் அவருக்கு வெடிமருந்து கலக்குகிற வேலை. தீபாவளி சீசன். மருந்து கலப்பதை வெயில் ஏறுவதற்குள் முடித்துவிட வேண்டும் என்பது அந்த வேலைக்காரர்களின் பால பாடம். அன்று லோடு போயாக வேண்டுமென்று மத்தியானத்தில் கலக்கச் சொல்லியிருக்கிறார்கள். சூட்டில் மருந்து பற்றி வலது கை மணிக்கட்டுவரை வெந்துபோக, அந்தக் கையை வாழையிலையில் பொதிந்து அவரைக் கொண்டுவந்தார்கள்.

கட்டுப்போட்டு வீட்டுக்கு வந்த சில நாட்களில், சொந்தத்துப் பெரியவர்கள் கூடினார்கள். கம்பெனி போர்மேனும் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்து கட்டிலில் உட்கார்ந்தார். அத்தை அழுதுகொண்டே, "மானோட பாவம் சும்மா விடுமா" என்றாள். போர்மேன் தலையை ஆட்டி, "பெரியவுக சொன்னாச் சரியாத்தான் இருக்கும். அதைக் கெணத்துல வீசிட்டு வீட்டைக் களுவி விடுங்க. எல்லாஞ் சரியாயிரும்" என்றார். ஆளாளுக்கு அதையே சொன்னார்கள். ஒருவர் மட்டும் தணிந்த குரலில், "ஒரு கொம்புதானத்தா, போட்டா என்ன கொறஞ்சிரும்?" என்று கேட்டார்.

"எங்கய்யா பேரு கொறஞ்சிரும்" என்றாள் சித்தி. "நானே தூக்கிப் போட்டா, அவுக உசுரை அடிச்சவுகதான்னு மகளே ஒத்துக்கிட்டான்னு ஆகும்."

பிறகு பரணில் ஏறி மயிலைக்கு அன்று கழன்ற கொம்பின் மேலோட்டை எடுத்துவந்து, மிளாக் கொம்புக்குப் பக்கத்தில் வைத்தாள். "மதினி, இதுக்குள்ள விரலை விடுங்க. போகுதா? இது எலும்பு மேல மாட்டுன உறை. அதான் களண்டா ரத்தம் வருது. இதுல விட்டுப் பாருங்க. முச்சூடும் எலும்பு. கெடாவுக்குத்தான் முளைக்கும். முளைக்கும்போது பூனை முடியாட்டம் தோல் மூடியிருக்கும். முத்துனதும் மரத்துல உரசி உரிச்சுப் போட்டுரும், பெறகு ஒருநா காம்பு வத்தி விழுந்துரும். மறுபடி முளைக்கும். அடிச்சு வெட்டியிருந்தா மண்டையோடு ஒட்டிக்கிட்டு வரணும். அடியைப் பாருங்க, பூவாட்டம் தானா விட்ட தடம்."

ஆளுக்கு ஆள் தடவிப் பார்த்தார்கள். அத்தை லேசில் விடுகிறவள் இல்லை. "எலும்புன்னா செத்தாத்தானட்டி வரும்" என்றாள்.

"பல்லும்தான் கெட்டியா இருக்கு. இவளுக்குப் போன மாசம் விழுந்துச்சே, செத்தா போனா?" என்று சித்தி என்னைக் காட்டினாள். நான் கடமையாக வாயைத் திறந்து காட்டினேன்.

சிலர் சிரித்தார்கள். போர்மேனும் சிரித்தார். அந்தச் சிரிப்புதான் சித்தியைச் சுட்டிருக்க வேண்டும்.

"அண்ணாச்சி, மத்தியான வெயில்ல மருந்து கலக்கச் சொன்னது ஆருன்னு இங்கன ஒருத்தரும் கேக்கல. எந்த மலையிலயோ கொம்பை உதுத்துட்டுப் போன மிளாவைக் கூப்பிட்டு விசாரிக்கீக. கொம்பைக் கெணத்துல போட்டா, இந்தக் கேள்வியும் அதோட முங்கிப் போகும்லா?"

அத்தை "ஏட்டி" என்று எழுந்தாள். "உனக்கென்ன கொம்பு முளைச்சிருக்கா" என்று கேட்பதற்குத்தான் வாயெடுத்தாள் என்று இன்றும் நினைக்கிறேன், கேட்கவில்லை. கம்பெனியைப் பகைத்தால் வேலை போய்விடும் என்பது எல்லோருக்கும் தெரியும். எல்லோரும் சித்தப்பாவைப் பார்த்தார்கள். மனைவியை அடக்க வேண்டியவர் அவர்தானே. அவர் கட்டுப்போட்ட கையை மடியில் வைத்தபடி, "அவ கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க அண்ணாச்சி" என்றார்.

போர்மேன் எழுந்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார். பழத்தை விட்டுவிட்டுத்தான் போனார். நாங்கள் பிள்ளைகள் தின்றோம்.

கம்பெனி சித்தப்பாவைத் திரும்பக் கூப்பிடவில்லை. நெடுநாள் அலைந்து, ஓர் அச்சாபீசில் இடது கையால் தாள் அடுக்கும் வேலைக்குச் சேர்ந்தார். அத்தை கொம்பைப் பற்றிப் பிறகு பேசவில்லை. நம்பினாளா என்றால், இல்லை என்றுதான் சொல்வேன். ஆனால் யாராவது அடுத்த வீட்டிலிருந்து "பாவக் கொம்பு" என்று இழுத்தால், "எங்க வீட்டுக் கொம்பு, உனக்கென்ன வந்துச்சு" என்று அவளே முதலில் பாய்வாள்.

சித்தி இல்லை, அத்தை இல்லை. அந்தக் கொம்பும் தெருவின் வீங்கிய கன்னங்களுக்கெல்லாம் தேய்ந்து தேய்ந்து, கடைசியில் பிடிக்க இடமில்லாமல் தீர்ந்தது. இப்போது உதிர்ந்த கொம்பை வீட்டில் வைத்திருந்தாலும் சட்டப்படி குற்றம்; மலையிலேயே கிடக்கட்டும், எனக்கு வருத்தமில்லை. மாடும் வண்டியும் போய் பைக்கும் பஸ்ஸும் வந்துவிட்ட ஊரில், கொம்பு உதிருமா என்று சண்டை போட இன்று ஆளே கிடையாது.

போகாதது ஒன்று உண்டு. சமீபத்தில் மருந்து கலக்கப் போன இளவட்டப் பிள்ளையை வெடிவிபத்தில் பறிகொடுத்த ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். பந்தலில் உட்கார்ந்திருந்த கம்பெனி ஆள் ஒருவர், "அந்தப் பையனுக்கு விதி அம்புட்டுத்தான்" என்றார். சுற்றி இருந்தவர்கள் தலையை ஆட்டினார்கள்.

"அந்தப் புள்ளைய எந்நேரத்துல மருந்து கலக்கச் சொன்னீக?" என்று கேட்டேன்.

எழவு வீட்டில் வந்து இப்படிப் பேசலாமா என்று பின்னாலிருந்து ஒருவர் முணுமுணுத்தார். எனக்குக் கேட்டது. பிள்ளையின் தாய் தலையை நிமிர்த்தி அந்த ஆளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பதில் வருகிறவரைக்கும் எழுந்திருப்பதில்லை என்று நாற்காலியை அவள் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.