பசுபதி சும்மா இருந்த மாதம்

சிங்கப்பூர் பூன் லேயில் என் பக்கத்து வீட்டுக்காரர் பசுபதி. இருபத்திரண்டு வருடம் ஒரே தொழிற்சாலையில் லேத் ஓட்டியவர். போன மார்ச்சில் கம்பெனி எல்லை தாண்டி மலேசியாவின் ஜொகூருக்கு மாறியது. இயந்திரங்கள் போயின, அவர் தங்கிவிட்டார். குடியுரிமை இல்லாத நிரந்தரவாசி, பி.ஆர். மனைவி குணமணி இங்கேயே பிறந்த குடிமகள், இடுப்பில் அறுவை சிகிச்சை முடிந்து படுத்திருக்கிறார். பண உதவி கேட்டு அரசாங்கத்தின் சமூக சேவை அலுவலகத்துக்குப் போகச் சொன்னது குணமணிதான். பசுபதிக்குப் பயம்.

"உதவி வாங்கினா பி.ஆர். ரினியூ பண்றப்போ கேள்வி கேப்பாங்களா தம்பி?"

எனக்குத் தெரியாது. வேலை பாஸில், அதாவது வேலை இருக்கும்வரை மட்டுமே தங்கும் அனுமதியில், இருக்கும் நானும் எந்தக் கடிதம் வந்தாலும் இரண்டு தடவை படிப்பேன். "கேட்டாப் பாத்துக்கலாம்ணே" என்று சொல்லி, மொழிபெயர்க்கக் கூடப் போனேன்.

அதிகாரி ஸைஃப், சின்ன வயது. வேலை தேடுகிறவர்களுக்குத்தான் இந்த உதவி என்று ஆங்கிலத்தில் முதலிலேயே சொல்லிவிட்டு, இப்போது என்ன செய்கிறார் என்று விசாரித்தார். நான் தமிழில் கேட்டேன்.

"சும்மாதான் இருக்கேன்."

ஒன்றும் செய்யவில்லையாம் என்று அப்படியே ஆங்கிலத்தில் சொல்லிவிட்டேன். ஸைஃப் அதைக் கணினியில் தட்டி முடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. தமிழர்கள் கூடும் சிராங்கூன் ரோட்டில் தெரிந்தவர் யாராவது கேட்டாலும் பசுபதி இதையேதான் சொல்வார். சம்பளம் வராத நாளெல்லாம் நமக்குச் சும்மா.

"அண்ணே, காலைல எங்க போறீங்கன்னு சொல்லுங்க."

"எங்க போறேன்? துவாஸ், பயனியர், ஜூ கூன். ஃபேக்டரி கேட்ல நின்னு வேலை கேக்கறேன். லேத்துன்னா, கம்ப்யூட்டர் தெரியுமாங்கறான். செக்யூரிட்டிக்குப் போனா, இங்கிலீஷ்ல ரிப்போர்ட் எழுதுவியாங்கறான். கேட்டுட்டுத் திரும்பி வர்றது ஒரு வேலையா லா?"

"எத்தனை எடம்?"

"இந்த மாசம் பதினேழு."

தவறு என்னுடையது என்று ஸைஃபிடம் சொன்னேன். 'சும்மா'வை விளக்க எனக்கு நாலு வாக்கியம் பிடித்தது. அவர் தட்டியதை அழித்துவிட்டு, அந்த இடங்களின் பெயர் தெரியுமா என்றார். பசுபதி விரல் மடக்கிச் சொல்லிக்கொண்டே போனார், பஸ் நம்பரோடு.

மூன்று மாத உதவி கிடைத்தது. விடாமல் வேலை தேட வேண்டும் என்று கடிதத்தில் ஒரு வரி. படித்துச் சொன்னேன்.

"நான் தேடிட்டுத்தான் இருக்கேன். இந்த லெட்டர்ல அந்த ஃபேக்டரிக்காரனுங்களுக்கும் ஒரு காப்பி அனுப்பச் சொல்லுங்க தம்பி," என்றார் பசுபதி.