விளையாத வயலின் ரிப்போர்ட்

போன வாரம் செங்கல்பட்டுப் பக்கம், ஒரு வேளாண் பல்கலைக்கழக ஆராய்ச்சி நிலையத்தில் விழா. பழைய ஆள் என்று என்னையும் மேடையேற்றினார்கள். ஒரு மாணவி மைக்கைப் பிடித்தாள். "சார், உங்க காலத்துல இந்த நிலையத்தோட பெரிய சாதனை எது?"

ஏதாவது நெல் ரகத்தின் பெயரை எதிர்பார்த்திருப்பாள். எனக்கு ஞாபகம் வந்தது... நான் எழுதிய ஒரு பொய். மேடையில் சொல்ல நேரமில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

ஐம்பதுகளின் நடுவில் அது வெறும் அரசாங்க நெல் பண்ணை. ஓட்டுக் கட்டடம், ஒரு தராசு, நாலைந்து ஊழியர்கள். நான் ஜூனியர் அசிஸ்டென்ட். எங்கள் புது விதையைச் செய்யூர்ப் பக்கம் ஐந்து பேர் வயலில் போட்டுப் பார்த்தோம். நான்கில் அமோகம். ஐந்தாவது, உப்பங்கழி ஓரத்தில் ஒரு அம்மாவின் வயல். முழுக்கப் பதர்.

"பராமரிப்பு சரியில்லைன்னு எழுதிடுங்க" என்றார் மேலதிகாரி. எழுதினேன். புது வேலை... வேறென்ன செய்வேன்?

அறுவடை முடிந்ததும் பண்ணையில் விவசாயிகள் கூட்டம். விதை வாங்கிப் போக ஊர் ஊராக வந்திருந்தார்கள். ரிப்போர்ட்டை நான்தான் வாசித்தேன். அந்த வரி வந்ததும் அந்த அம்மா எழுந்தார்.

"இன்னா சார் எழுதிக்கீறே? மூணு வாட்டி களை எடுத்தேன். நீ சொன்ன எருவைத்தான் போட்டேன். நீயே வந்து பாத்துகினு போனியே!"

அந்த அம்மா கூட்டத்தின் பக்கம் கையைக் காட்டினார்.

"என் கழனி போனது போவட்டும். எங்க ஊரு மொத்தமும் வெதைக்கு நிக்குது. எல்லாம் உப்புத் தண்ணி ஓரம். நாளைக்கு அவங்க சோத்துக்கு இன்னா பண்ணுவாங்க?"

மேலதிகாரி என்னையே பார்த்தார். காகிதத்தை மடித்தேன்.

"நான் எழுதினது தப்பு. அந்தம்மா நல்லாத்தான் பாத்துக்கிட்டாங்க. உப்புத் தண்ணி ஏறுற நிலத்துக்கு இந்த விதை வேணாம்" என்றேன்.

அந்த ஊர்க்காரர்கள் வெறுங்கையோடு திரும்பினார்கள். வழக்கமான நாட்டு நெல்லையே விதைத்து, வழக்கம்போல அறுத்தார்கள்.

மேலதிகாரி பத்து நாள் என்னோடு பேசவில்லை. பிறகு ஒரு காலையில் சைக்கிளோடு வந்து நின்றார். "அந்தம்மா கழனிக்கு வழி காட்டுங்க. மண் எடுக்கணும்."

உப்பைத் தாங்கும் நெல்லுக்கான எங்கள் தேடல் அந்த வயலில்தான் தொடங்கியது. இன்று அதற்கென்றே நிலையத்தில் தனிப் பிரிவு இருக்கிறது. ஆனால் அந்தத் தேடலின் முதல் அறிக்கையில் 'ஒரு விவசாயியின் நிலம்' என்றுதான் அச்சானது. பிறகு வந்த அறிக்கைகளிலும் அப்படியே...

இந்தப் பத்தியிலாவது எழுதிவிடுகிறேன் — அவர் பெயர் முனியம்மாள்.