ஏழு மீனுக்குப் போட்ட கையெழுத்து

என் தம்பி லியாண்டர் பார்டி ஜெயித்தவை: பனிக்கட்டியில் படகு நசுங்கியபின் இரண்டு மைல் நடந்து கரை சேர்ந்தது; மருத்துவர் வெட்டச் சொல்லியும் காப்பாற்றிக்கொண்ட இடது கட்டைவிரல்; எங்கள் விரிகுடாவின் சீட்டாட்டக் கோப்பை, மூன்று முறை; படித்தவர்கள் பதினொரு பேர் கேட்ட மீன் கணக்கெடுப்பு வேலை. பள்ளிக்கூடம் மட்டும் வாய்க்கவில்லை. ஏழு வயதில் அப்பா படகில் ஏற்றிவிட்டார். நான் ஐந்தாவது வரை போனேன்.

கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துத் தீவில் காட் மீன்பிடிப்பை அரசு மூடி ஆறு வருடம் ஆகியிருந்தது. மீன் திரும்புகிறதா என்று பார்க்க லியாண்டர் வாரம்தோறும் இரண்டு வலை போட்டான். ஒன்று அவன் விரும்பிய இடத்தில். மற்றது, மீன் வந்தாலும் வராவிட்டாலும், அரசு ஆய்வாளர்கள் குறித்துக் கொடுத்த ஒரே இடத்தில். அவன் அளந்து சொல்வான், நான் எழுதுவேன். தாளின் அடியில் கையெழுத்துக்குப் பதில் ஒரு பெருக்கல் குறி போடுவான்.

அந்தச் செப்டம்பரில் விரும்பிய இடத்து வலையில் முந்நூற்றுப் பன்னிரண்டு மீன். குறித்த இடத்து வலையில் ஏழு.

பக்கத்து வீட்டு ஹியூபர்ட் படகுத்துறைக்கே வந்தார். "டேய், அந்த வலையக் கொஞ்சம் பாறைப் பக்கமா தள்ளிப் போடேன். மீன் இல்லாத எடத்துல வலை விரிக்கிறவன் மீன்காரனாடா?"

"பாறைகிட்ட குவிஞ்சு நிக்குதுன்னு எனக்கும் தெரியும்ணே. மூடுறதுக்கு முந்தியும் இப்படித்தான் ஒரே எடத்துல நின்னுச்சு. கடலே நெறஞ்சிருக்குன்னு அள்ளி, இருந்ததையும் தீத்துட்டோம். மத்த எடத்துக்கும் பரவிச்சான்னு இந்த வலைதான் சொல்லும்."

"ஏழுன்னு எழுதுனா கடல் தெறக்காது. எம் பையன் டொரான்டோவுக்கு வண்டி ஏறிருவான்."

"எங்க வீட்டுல நாலு பேரு ஏறியாச்சு. ஏழு ஏழுதான்."

தாள்களை வாங்க அந்த ஆய்வாளர்களில் ஒரு அம்மா தேவாலயக் கூடத்துக்கு வந்த அன்று ஹியூபர்ட் எழுந்தார். "எழுதுனது இவன் அக்கா. இவனுக்கு இவன் பேரே எழுத வராது. இதெல்லாம் ஒரு கணக்கா?"

ஆய்வாளர் தயங்கினார். "அளந்தவர் கையெழுத்து வேணும். இல்லேன்னா இந்த எடத்தை விட்டுட்டுத்தான் பார்க்கணும்."

"நான் போடறேன்" என்று எழுந்தேன்.

"நீ உக்காருக்கா. வலை போட்டது நான்."

மூன்று வாரமாக மீன் வெட்டும் மேசையில் ஈர விரலால் எதையோ எழுதி அழித்துக்கொண்டிருந்தான். இப்போது பேனாவைக் கத்தி மாதிரி பிடித்தான்.

"கிறிஸ்துமஸுக்குள்ள முடிஞ்சிருமா?" என்றார் ஹியூபர்ட். சிலர் சிரித்தார்கள்.

"அவசரம்னா கெளம்புண்ணே. நான் முடிச்சிட்டுத்தான் எந்திரிப்பேன்."

அவன் பெயர், ஆங்கிலத்தில் பன்னிரண்டு எழுத்து. எண்ணினேன், ஒன்றும் விடுபடவில்லை. ஏழு என்ற எண்ணுக்கு நேர் கீழே இருந்தது. பக்கத்தில் தேதியையும் அவனே எழுதினான்: 1998 செப்டம்பர் 17.