முக்கால் சாண் நிழல்

உங்கள் நிழலை நீங்கள் கடைசியாக எப்போது கவனித்தீர்கள்? செல்ஃபியில் விழுந்து படத்தைக் கெடுத்ததைக் கேட்கவில்லை. சும்மா நின்று பார்த்தது. நான் இன்று பார்த்தேன். கன்டெய்னர் யார்டில் சீல் நம்பர் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது என் நிழல் சுருங்கிச் சுருங்கிச் செருப்பை நோக்கி வந்துகொண்டிருந்தது. பக்கத்தில் ஒரு லாரிக்காரர் புதுக் கயிற்றுக் கட்டைப் பிரித்தார். அந்த வாசம் வேறு. அதற்கு மேல் அங்கே நிற்க முடியவில்லை. ஆபீஸுக்கு வந்து கம்ப்யூட்டரில் இதைத் தட்ட ஆரம்பித்துவிட்டேன். மேனேஜர் வருவதற்குள் சொல்லிவிட வேண்டும்.

புது நைலான் கயிறு மண்ணெண்ணெயும் பிளாஸ்டிக் வாளியும் கலந்த மாதிரி மணக்கும். எனக்கு அது அப்பாவின் வாசம். தூத்துக்குடியில் திரேஸ்புரம் போகிற ரோட்டில் எங்கள் கடை. மீன்பிடிப் படகுகளுக்கான கயிறு, வலை, மிதவை. அங்கே கயிற்றை மீட்டரில் கேட்கமாட்டார்கள், பாகத்தில்தான் கேட்பார்கள். இரண்டு கையையும் முழுசாக விரித்தால் ஒரு பாகம். அப்பா குள்ளம். விரித்தாலும் ஐந்தடி தேறாது. அதனால் ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு சாண் கூட்டி அளந்துவிடுவார். "நம்ம கை குட்டைன்னா அதுக்கு போட்டுக்காரன் என்னளா செய்வான்" என்பார். எதையும் தன் கையால் அளந்து பார்த்தால்தான் நம்புவார். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

நான் பிளஸ் டூ முடித்த வருஷம். வியாழனின் நிலவுகளை வரிசையாகச் சொல்வேன், யாரும் கேட்காவிட்டாலும் சொல்வேன். அவ்வளவு திமிர். பெங்களூரில் ஒரு கல்லூரியில் இயற்பியலும் வானியலும் சேர்த்து ஐந்து வருஷப் படிப்பு இருந்தது. விண்ணப்பத்தில் அப்பா கையெழுத்து வேண்டும். அப்பாவுக்கு நான் ஹார்பரில் வேலைக்குப் போக வேண்டும்.

"சூரியன் அது பாட்டுக்கு அங்கன கெடக்கு. அதப் படிச்சு என்ன செய்யப் போற?"

"அது எப்ப எங்கன நிக்கும்னு சொல்லுவேன்."

"எங்க, சொல்லு பாப்போம்."

சொன்னேன். சித்திரை பிறப்பதற்கு ஒன்றிரண்டு நாள் முன்னால் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வரும், கடை வாசலில் நட்டிருக்கிற இரும்புக் குழாய்க்கு நிழலே இருக்காது, சரியாகப் பகல் பன்னிரண்டு மணி. அப்பா யோசித்தார். "நெழலு போச்சுன்னா கையெழுத்து" என்றார். பந்தயம் போட்டாயிற்று.

நான் சொன்ன நாளன்று ரோட்டில் பாதிப்பேர் எங்கள் வாசலில். கடையின் நிரந்தர வாடிக்கையாளர், போட்டுக்கார ஜெரோம் அண்ணன், நிழல் பார்க்கவே குடை கொண்டுவந்திருந்தார். கோயில் மணி பன்னிரண்டு அடித்தது. குழாயின் நிழல் ஜம்மென்று கிடந்தது. அப்பா குனிந்து கையை விரித்து வைத்தார்.

"முக்கால் சாண் இருக்குளா."

"அது இன்னும் சாப்பிடப் போகல போல, அண்ணாச்சி" என்றார் ஜெரோம் அண்ணன். ரோடே சிரித்தது. அப்பா மட்டும் சிரிக்கவில்லை. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வீட்டுக்குச் சாப்பிடப் போனார். நான் குழாயை ஒரு உதை விட்டுவிட்டுப் படியில் உட்கார்ந்தேன். கால் வலித்தது தனிக்கதை.

பன்னிரண்டு பதினெட்டுக்குத் தற்செயலாகத் திரும்பினேன். நிழல் இல்லை. குழாய் மட்டும் நிற்கிறது, தரையோடு ஒட்டவைத்த படம் மாதிரி. அப்போதுதான் உறைத்தது. நாடு முழுவதற்கும் ஒரே கடிகாரம். அது நமக்கு வெகு கிழக்கே இருக்கிற ஒரு தீர்க்கரேகைக்கு வைத்த நேரம். தூத்துக்குடிக்கு உச்சிவெயில் வர பன்னிரண்டுக்கு மேல் பதினெட்டு நிமிஷம் ஆகும். வியாழனின் நிலவெல்லாம் தெரிந்தவளுக்குச் சொந்த ஊர் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை.

பின் தெருவில்தான் வீடு. ஓடினேன். அப்பா சோற்றுக் கையோடு வந்தார். அதற்குள் நிழல் மறுபக்கம் இரண்டு விரல் அகலத்துக்கு எட்டிப் பார்த்துவிட்டது. சோறு ஒட்டாத கையால் அளந்தார்.

"நான் பாக்கும்போது இருக்குல்லா. நாளைக்கும் போகுமா?"

"போகும். ஒரு நாள்ல பெருசா மாறாது."

"அப்ப நாளைக்குக் காட்டு. போடுதேன்."

இங்கேதான் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் அன்றைக்குத்தான், சாயங்காலம் ஐந்து மணியோடு சரி. சொல்லியிருந்தால் அப்போதே போட்டிருப்பாரோ என்னவோ. ஆனால் ரோடே சிரித்த பிறகு கெஞ்சுவதா? பந்தயத்தில் ஜெயித்துத்தான் வாங்குவேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். ஐந்து மணி ஆனபோது அப்பா யாருக்கோ இருபது பாகம் அளந்துகொண்டிருந்தார், இருபது சாண் கூடுதலாக.

மறுநாள் கூட்டம் இல்லை, நாங்கள் இரண்டு பேர்தான். பன்னிரண்டு பதினெட்டுக்கு நிழல் குழாய்க்கடியில் போய் ஒளிந்தது. அப்பா தரையைத் தடவிப் பார்த்தார். எழுந்து வேட்டியில் கையைத் துடைத்து, கல்லாவிலிருந்து பேனாவை எடுத்து, ஒவ்வொரு எழுத்தாகக் கையெழுத்துப் போட்டார். "எப்ப அனுப்பணும்?" என்று கேட்டார்.

"நேத்து" என்றேன்.

பேனாவுக்கு மூடி போட அப்பாவுக்கு ரொம்ப நேரம் ஆனது.

பிறகு இங்கேயே பி.எஸ்ஸி. பிசிக்ஸ், அப்புறம் இந்த ஹார்பர் வேலை. ரோட்டை அகலப்படுத்தியபோது கடை போனது, குழாயும் போனது. ஜெரோம் அண்ணன் போட்டை விற்றுவிட்டு மகனோடு துபாய் போய்விட்டார். கயிறு இப்போது எல்லா இடத்திலும் மீட்டர்தான், குட்டைக் கைக்காக யாரும் சாண் கூட்டுவதில்லை. அப்பா மட்டும் வருஷம் தவறாமல் இந்த நாளில் மொட்டைமாடியில் தண்ணீர் பாட்டிலை நிறுத்திவைத்துப் பார்த்துவிட்டு எனக்குப் போன் போடுவார். "போச்சு" என்பார். வேறெதுவும் பேசமாட்டார், வைத்துவிடுவார்.

கம்ப்யூட்டரில் பக்கத்து டேப்பில் வானியல் எம்.எஸ்ஸி. விண்ணப்பம் ஒன்று பாதி நிரப்பிக் கிடக்கிறது. மூன்று வாரமாகப் பாதிதான். இதற்கு யார் கையெழுத்தும் வேண்டாம். கடைசி நாளுக்கு இன்னும் நான்கு நாள் இருக்கிறது. அதை இந்தத் தடவையாவது அவரிடம் சொல்ல வேண்டும்.

மணி பன்னிரண்டு பதினெட்டு. போன் அடிக்கிறது.