பெரிய பில்லின் பெயர்

பிழைக்க வந்த இந்த வெளிநாட்டு நகரத்தில், எல்லர்ஸ்லிப் பகுதியிலுள்ள எங்கள் அலுவலகத்தில் நோயாளிக்குப் பெயர் கிடையாது, எண் மட்டும்தான். நான் கால் வைத்தேயிராத ஓர் அமெரிக்க மாநிலத்தின் மறுகாப்பீட்டுக் கணக்கைப் பார்ப்பது என் வேலை. ஒருவருடைய மருத்துவச் செலவு குறிப்பிட்ட வரம்பைத் தாண்டினால், அதற்கு மேல் ஒரு பங்கை மாநில அரசே காப்பீட்டு நிறுவனத்துக்குத் தந்துவிடும். பெரிய பில்லைப் பற்றிய பயம் குறைவதால், தனியாகக் காப்பீடு எடுப்பவர்களின் பிரீமியமும் குறையும். எனக்கு இது புதிதாகத் தெரியவில்லை. கைநாட்டு வைக்கும் என் அப்பாவுக்கு நெஞ்சில் அறுவை செய்தது ஊரில் அரசு கொடுத்த காப்பீட்டு அட்டையை வைத்துத்தான். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று வாசிக்க வீட்டில் நான் ஒருவன்தான் இருந்தேன். அதனால் யார் கேட்டாலும் விளக்குவேன், கொஞ்சம் பெருமையோடு.

அதே நகரத்தின் ஒனிஹங்காவில் என்னோடு வாடகை வீட்டில் இருப்பவர் வவுனியாக்காரர் சிவராசா அண்ணன். இறைச்சி பொதியிடும் இடத்தில் வேலை. அங்கே எல்லோருக்கும் சேர்த்து எடுத்த மருத்துவக் காப்பீட்டின் பிரீமியம் ஏன் ஏறிவிட்டது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரும் உடன் வேலை செய்யும் ராசனும் என்னைக் கேட்டார்கள்.

"உங்க கூட்டத்துல ஒருத்தர் பெரிய பில் போட்டா, அடுத்த வருஷம் எல்லாருக்கும் ஏறலாம்ணே. அமெரிக்காவுல சில மாநிலத்துல அரசாங்கம் தோள் குடுக்கும். இங்க அது இல்ல" என்றேன்.

"அப்ப ஒருத்தரும் பெரிய வருத்தம் எடுக்கப்படாது, சொல்லிப்போட்டன்!" என்றார் ராசன். வருத்தம் என்றால் அவர்கள் பேச்சில் நோய். எல்லோரும் சிரித்தோம். சிவராசா அண்ணனும் சிரித்தார்.

எட்டு மாதம் கழித்து அவர் வேலையிடத்தில் மயங்கி விழுந்தார். அரசு மருத்துவமனையில் சோதித்தபோது குடலில் புற்று, ஈரல்வரை போயிருந்தது. மாதக்கணக்காக ரத்தம் போயிருக்கிறது.

"ஏண்ணே சொல்லல?"

"நீர்தானே சொன்னனீர். ராசனுக்கு மூண்டு பிள்ளையள். என்னாலை அவனுக்கு ஏறக்கூடாது."

"இந்த ஆஸ்பத்திரி இலவசம்தானே? இங்கயாவது வந்திருக்கலாமே!"

"எங்க காட்டினாலும் அந்தக் கணக்கிலைதான் எழுதுவினம் எண்டு நினைச்சன், தம்பி."

அவர் குரலில் குற்றச்சாட்டே இல்லை. யாருக்கும் பாரமாகாமல் இருந்துவிட்ட நிம்மதிதான் இருந்தது. நோயாளிக்காகத்தான் காப்பீடு என்பதை அந்த ஞாயிற்றுக்கிழமை நான் சொல்லவில்லை. அது எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்று விட்டுவிட்டேன்.

பிற்பகல் மருத்துவர் என்னை வெளியே அழைத்தார். வவுனியாவில் இருக்கும் சிவராசா அண்ணனின் மனைவி தொலைபேசியில் காத்திருந்தார், அங்கே காலை. அறுவை செய்ய முடியாது, வலியைக் குறைக்கலாம் என்று மருத்துவர் மெதுவாகச் சொன்னார். எனக்கு விளங்கியதா என்று இரண்டு முறை கேட்டார். விளங்கியது என்றேன்.

"தம்பி, டொக்டர் என்னவாம்? பிந்தேல்லைத்தானே, நேரத்துக்குத்தானே காட்டினவர்?" என்றது காதோரக் குரல்.

மருத்துவர் ஆங்கிலத்தில் சொல்லி முடித்துவிட்டார். நான் இன்னும் தமிழில் தொடங்கவில்லை.