நாற்பத்து நான்கு மணி இருபது நிமிடம்

எங்கள் இயந்திரத்துக்குச் சொந்தமாக நெருப்பு கிடையாது. எருமப்பட்டிப் பக்கம் ஜவ்வரிசி செய்யும் ஒரு சேகோ பேக்டரியில், மரவள்ளிக் கிழங்குக் கழிவுநீரிலிருந்து வரும் எரிவாயுவில் ஒரு பெரிய என்ஜின் ஓடுகிறது. கிழங்கு அரைக்கும் மோட்டார்களுக்கு அதுதான் மின்சாரம். அதன் புகைக்குழாய் வழியாக வீணாகப் போகும் சூட்டைப் பிடித்து, சீக்கிரம் கொதிக்கும் ஒரு திரவத்தை ஆவியாக்கி, அந்த ஆவியில் சின்ன டர்பைனைச் சுழற்றி, இன்னும் கொஞ்சம் மின்சாரம் எடுப்பது எங்கள் இயந்திரத்தின் வேலை. சூட்டைப் பிடிக்கும் பகுதியை வடிவமைத்தது நான்.

எழுபத்திரண்டு மணி நேரம் நிற்காமல் ஓட்டிக் காட்ட வேண்டும். தேறினால் அடுத்த இயந்திரம். இல்லாவிட்டால் இதையும் கழற்றிக்கொண்டு போய்த் திட்டத்தையே மூடிவிடுவதாக எங்கள் கம்பெனியில் சொல்லியிருந்தார்கள். அந்த வாரத்தோடு கிழங்கு வரத்தும் முடிகிறது. இன்னொரு தடவை என்ற பேச்சுக்கே இடமில்லை.

திங்கள் காலை பத்து மணிக்குத் தொடங்கினோம். அதற்கு முன் சரிபார்க்க அறுபத்தோரு வரிகள் எழுதியிருந்தேன். வால்வுகள், கேஸ்கெட்டுகள், பம்பின் அதிர்வு, உதிரி பியூஸ் எந்த அலமாரியில், சாப்பாட்டு நேரத்தில் யார் யாரை மாற்றிவிடுவது. செவ்வாய் மதியம் வரை ஒரு குறையும் இல்லை. அப்போது என்ஜின் ஆபரேட்டர் டீயை நீட்டியபடி கேட்டார்.

"நாளைக்கு நீங்களும் ஊட்டுக்குப் போறீங்கதானுங்க?"

"எதுக்குங்கண்ணா?"

"ஏனுங்க, அமாவாசையல்லங்க? மில்லு நிக்குமே."

அறுபத்தோரு வரிகளில் அது இல்லை.

முதலாளி களத்தில் காயும் ஜவ்வரிசியைக் கையில் அள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தார். அரைவை நின்றால் என்ஜினுக்கு வேலை இல்லை, வேலை இல்லாவிட்டால் புகையில் சூடும் இல்லை. பாதி லோடு ஓட்டினால்கூடப் போதும் என்று கேட்டேன்.

"நான் ஓட்டச் சொன்னாலும் ஆளு வராது அம்மணி. ஒருக்கா அமாவாசைல ஓட்டி ஒருத்தனுக்கு ரெண்டு வெரலு போச்சு. அப்புறம் நானும் கேக்கறதில்ல. நீ எந்தூரு சாமி?"

"ஜலகண்டாபுரமுங்க."

"தறியா?"

"ஆமாங்க."

"நாளைக்கு உங்கூட்ல தறி ஓடுமா?"

"ஓடாதுங்க."

"பொறகென்ன!" என்று சிரித்தார். கிண்டல்தான், கெடுதல் இல்லை.

பிறந்ததிலிருந்து அமாவாசைக்குத் தறிச் சத்தம் நிற்கும் வீடு எங்களுடையது. ஞாயிறுக்குப் பிறகு திங்கள் வரும் என்று யாரும் எழுதிவைப்பதில்லை. இதையும் நான் எழுதவில்லை.

எங்கள் கம்பெனி மேலாளரிடம் போனில் சொன்னேன். "நிற்காமல் என்றால் நிற்காமல்தானம்மா," என்றார். அவர் குரலிலும் வருத்தம் இருந்தது. என்ஜினுக்கு வேறு லோடு தேடினேன். போர்வெல் மோட்டார்கள் இரண்டு, எல்லா விளக்கும், விசிறியும், ஆபீஸ் ஏசி. மின்சாரத்தை வெளியே மின்வாரியக் கம்பிக்கு அனுப்ப அனுமதி கிடையாது. அரைவை மோட்டார்களுக்கு முன்னால் இதெல்லாம் ஒன்றுமே இல்லை. இருந்தாலும் ஆபரேட்டர் முகம் சுளிக்காமல் ஒவ்வொன்றாகப் போட்டுவிட்டார்.

புதன் காலை ஆறு மணிக்கு அரைவை நின்றது. திரையில் புகையின் சூடு நானூறு டிகிரியிலிருந்து இறங்கியது. முந்நூற்று அறுபது. முந்நூற்றுப் பத்து. பழுது என்றால் ஸ்பேனரை எடுத்திருப்பேன். இங்கே திருக ஒரு நட்டுகூட இல்லை. கையைக் கட்டிக்கொண்டு பார்த்தேன். ஆறு இருபதுக்கு டர்பைன் தானாக நின்றது. எந்தப் பாகத்திலும் கோளாறு இல்லை.

மேலாளருக்குச் சொன்னேன். வெள்ளிக்கிழமை கிரேன் அனுப்புகிறேன் என்றார்.

ஆபரேட்டர் என்ஜினையும் அணைத்துவிட்டு வந்து பக்கத்தில் நின்றார். கழிவுநீர்த் தொட்டிக்கு அமாவாசை தெரியாது. எரிவாயு வந்துகொண்டே இருந்தது. என்ஜினுக்கு வேண்டாததால் அதை உயரமான குழாயின் நுனியில் எரித்துவிடுகிறார்கள். வெயிலில் தீ தெரியவில்லை. அதற்கு மேலே காற்று மட்டும் நெளிந்தது.

"அதைய உங்க மிசினுக்குத் திருப்பி உட முடியாதுங்களா?"

"அதுக்குத் தனியா பர்னர் வேணுங்கண்ணா. இதுல வெக்கல."

"சும்மாதானுங்க எரியுது."

"ஆமாங்கண்ணா," என்றேன்.