வேப்பமரத்தடியிலிருந்து மூன்றாவது பெஞ்சுக்கு

கோயில் வாசலில் நின்று கைகூப்புவதெல்லாம் ஒரு வேலையா என்று கேட்பவர்கள், ஏதாவது ஒரு கல்யாணத்தில் பன்னீர்ச் செம்போடு அரை நாள் நின்று பார்க்க வேண்டும். நின்றவர்களுக்குத் தெரியும்: முதலில் கால் வலிக்கும், பிறகு சிரிப்பு வலிக்கும். கல்லூரியில் தமிழ் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றதும், திண்டுக்கல்லில் எங்கள் கிறிஸ்தவச் சபையின் வாசலை என்னிடம் ஒப்படைத்தார்கள். ஞாயிறு காலையில் வீட்டில் தனியாக உட்கார்ந்து காப்பி குடிப்பதற்கு இது மேல் என்று ஏற்றுக்கொண்டேன்.

எழுந்து நில்லுங்கள்

எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. புதிதாக யார் வந்தாலும் அறிவிப்பு நேரத்தில் எழுந்து பேரும் ஊரும் சொல்ல வேண்டும், எல்லோரும் கைதட்டுவோம். புதுமுகத்தைக் கண்டுபிடித்துச் செயலர் செல்வராஜிடம் சொல்வது என் பொறுப்பு. அன்பாகத்தான் ஆரம்பித்திருப்பார்கள்.

ஒரு ஞாயிறு, ஊருக்குப் புதிதாக வேலைக்கு வந்த நர்ஸ் பெண் ஒருத்தி வந்தாள். இரவு வேலை முடித்து நேரே வந்திருப்பாள் போல. ஜெபத்துக்குக் கண்ணை மூடியவள் அப்படியே தூங்கிவிட்டாள். செல்வராஜ் மைக்கில் அழைக்க, பக்கத்தில் இருந்தவர்கள் உலுக்க, எழுந்து நின்று திருதிருவென்று விழித்தாள். வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை. ஆனாலும் கைதட்டினோம். போகும்போது செருப்பை மாட்டிக்கொண்டே என்னிடம் சொன்னாள்: "செத்த நேரம் விட்டிருந்தா என் பேரு எனக்கே ஞாபகம் வந்திருக்கும் டீச்சர்."

வேப்பமரத்து மொபெட்

எஸ்தரை மொபெட்டில் கொண்டுவந்து இறக்குவார் அவள் கணவர் கந்தசாமி. கீரனூர்ப் பக்கம் தென்னந்தோப்பு உள்ளவர். பிறகு ஊருக்குள் நாகல் நகரில் மகள் வீட்டோடு வந்துவிட்டார்கள். எஸ்தர் எங்கள் சபையில் பிறந்து வளர்ந்தவள். அவர் வருடம் தவறாமல் பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர். இருவருக்கும் இதில் ஒரு தகராறும் இருந்ததாகத் தெரியவில்லை. ஆராதனை முடியும் வரை கோயிலுக்கு எதிரே வேப்பமரத்தடியில் வண்டிமேல் உட்கார்ந்து பேப்பர் படிப்பார்.

"உள்ள வந்து ஃபேனுக்கு அடியில உக்காருங்கண்ணே, யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க" என்று வாரா வாரம் கூப்பிடுவேன். வாரா வாரம் அதே பதில்தான்: "இருக்கட்டுங்க டீச்சர். எனக்கும் சேத்து அவ கும்புட்டுட்டு வந்துருவா."

மதிலுக்கு வெளியே ஒரு குரல்

அறுப்பின் பண்டிகைக்கு அவரவர் விளைச்சலைக் கொண்டுவந்து படைப்போம். ஆராதனை முடிந்ததும் வளாகத்தில் ஏலம் விடுவோம். பூசணிக்காய், நாட்டுக்கோழி, வீட்டில் செய்த கேக். எஸ்தர் தோப்பிலிருந்து இளநீர்க்குலை கொண்டுவருவாள். அந்தக் குலை ஏலத்துக்கு வந்தால் மட்டும் மதிலுக்கு வெளியிலிருந்து ஒரு குரல் விலையை ஏற்றிக்கொண்டே போகும். கந்தசாமி! எஸ்தர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள்.

பெஞ்சில் எஸ்தருக்குப் பக்கத்தில் உட்காரும் ரோஸி பொல்லாத வாய்க்காரி. "ஏண்ணே, ஒங்க மரத்துக் காயை நீங்களே ஏலம் எடுக்கிறீகளே, கிறுக்குப் பிடிச்சிருச்சா?" என்று கத்தினாள். மதிலுக்கு மேல் அவர் தலை மட்டும் தெரிந்தது. "குடுத்தது அவதானுங்க. அவ குடுத்ததை வேற எவனோ தூக்கிட்டுப் போறதாக்கும்?"

கொக்கிகள்

சபையின் ஆண்டு விழாவில் வாசிக்க எங்கள் சபையின் வரலாற்றை என்னை எழுதச் சொன்னார்கள். இந்தக் கோயில் ஒரு காலத்தில் தோல் கிடங்காக இருந்தது. தோல் பதனிடும் வேலை செய்த சில குடும்பங்கள், ஞாயிற்றுக்கிழமை கட்டுகளை ஓரமாகத் தள்ளிவிட்டு அங்கே ஜெபித்தார்கள். நடுவில் கயிறு கட்டிச் சேலையைத் தொங்கவிட்டு, இடப்புறம் பெண்கள், வலப்புறம் ஆண்கள். மழை நாளில் அந்தச் சுவர்கள் இன்னும் மெல்லத் தோல் வாசம் விடும். யாரோ பழைய கதை சொல்லத் தொடங்கி நிறுத்தியது போல இருக்கும்.

சேலையும் கயிறும் போய்விட்டன. கயிறு கட்டிய கொக்கிகள் தூண்களில் இருக்கின்றன; பெண்கள் அவற்றில் பையும் குடையும் மாட்டுகிறார்கள். இடப்புறம், வலப்புறம் மட்டும் மாறவில்லை. கயிற்றைப் பற்றி எழுதியதை எடுத்துவிடச் சொன்னார் செல்வராஜ். கையோடு கொக்கிகளையும் பிடுங்கிவிடலாம் என்றார். கேட்டுக்கொண்டிருந்த ரோஸி சொன்னாள்: "தாராளமாப் பிடுங்கு. பிரசங்கம் முடியிற வரைக்கும் என் பையை நீ பிடிச்சுக்கிட்டு நில்லு."

மூன்றாவது பெஞ்சு

காய்ச்சல் என்று படுத்த எஸ்தர் எழுந்திருக்கவில்லை. அடக்கம் முடிந்து சில வாரங்கள் வேப்பமரத்தடி வெறுமையாகக் கிடந்தது. பிறகு ஒரு ஞாயிறு மொபெட் வந்து நின்றது. பின்சீட்டில் ஆள் இல்லை, அவர் கையில் பேப்பர் இல்லை. எனக்குக் கூப்பிட வாய் வரவில்லை. அவரே செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார். கையில் எஸ்தரின் துணிப்பை.

"அவ எங்கீங்க டீச்சர் உக்காருவா?" என்றார்.

பெண்கள் பக்கம், மூன்றாவது பெஞ்சு, தூணோரம். காட்டினேன். நேரே போய் அங்கே உட்கார்ந்துவிட்டார். செல்வராஜ் விரைந்து வந்து, "ஐயா, ஆம்பளைங்க அந்தப் பக்கம்" என்றார். கந்தசாமி பாதி எழுந்தார். இப்போது எழுந்தால் வலப்புறம் போக மாட்டார். வாசலுக்குத்தான் வருவார், அப்புறம் வரவே மாட்டார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

ரோஸி தன் பையைக் கொக்கியிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அவர் கையிலிருந்த எஸ்தரின் பையை வாங்கி அங்கே மாட்டினாள். "நீங்க உக்காருங்கண்ணே. ஏலே செல்வராசு, போய்ப் பாட்டு நம்பரைச் சொல்லு" என்றாள். அவரும் போய்ச் சொன்னார்.

அறிவிப்பு நேரம் வந்தது. பழக்கதோஷத்தில் செல்வராஜ், "இன்று புதிதாக வந்திருப்பவர்..." என்று மைக்கில் ஆரம்பித்துவிட்டார். கந்தசாமி மெதுவாக எழுந்து நின்றார். "புதுசில்லீங்க" என்றார். கைதட்ட எடுத்த கைகள் அப்படியே நின்றன. "எப்பவும் எஸ்தரைக் கூட்டிட்டுப் போக வர்றவன்தானுங்க."

வாரா வாரம் நான் அழைத்தும் வராத மனிதர், நான் வாயடைத்து நின்ற ஞாயிறன்று உள்ளே வந்துவிட்டதால், வரவேற்பதில் எனக்கு இருக்கும் திறமையைப் பற்றி இனி யாரும் என்னிடம் விசாரிக்க வேண்டாம்.